கரண்ட் போனால் கணினிக்குள் என்ன நடக்கிறது? வீட்டு யுபிஎஸ்: ஓர் எளிய விளக்கம்

கரண்ட் போன அதே நொடியில் கணினியும் அணைந்துவிடுவதாகத்தான் நமக்குத் தோன்றும். உண்மையில் நடுவில் ஒரு குட்டி இடைவெளி இருக்கிறது. கணினிப் பெட்டிக்குள் எஸ்எம்பிஎஸ் என்று ஒரு பகுதி உண்டு. சுவரிலிருந்து வரும் ஏசி மின்சாரத்தை வாங்கி, மதர்போர்டுக்கும் டிஸ்க்குக்கும் வேண்டிய 12 வோல்ட், 5 வோல்ட் டிசியாக மாற்றிக் கொடுப்பது அதன் வேலை. அதற்குள் இருக்கும் பெரிய கெப்பாசிட்டர் எப்போதும் கொஞ்சம் மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும். வெளியே கரண்ட் நின்றதும், அந்தச் சேமிப்பை வைத்துக்கொண்டு ஒரு தரமான எஸ்எம்பிஎஸ் சுமார் 16 மில்லி நொடி சமாளித்துவிடும். ஒரு நொடியில் அறுபதில் ஒரு பங்கு.

கரண்ட் போனதும் பேட்டரியிலிருந்து மின்சாரம் கொடுக்கும் பெட்டிதான் யுபிஎஸ். வீட்டுக் கணினிக்கு வாங்கும் சாதாரண யுபிஎஸ், கரண்ட் போனதைக் கண்டுபிடித்து பேட்டரிக்கு மாற எடுத்துக்கொள்ளும் நேரம் பொதுவாக 4 முதல் 10 மில்லி நொடி. கெப்பாசிட்டர் காலியாவதற்குள் யுபிஎஸ் கைகொடுத்துவிடுகிறது; கரண்ட் போனதே கணினிக்குத் தெரியாது. இந்த ஏற்பாடு முழுவதும் இந்தச் சில மில்லி நொடிக் கணக்கின் மேல்தான் நிற்கிறது.

திடீரென்று அணைவதில் அப்படி என்ன கேடு? சேமிக்காத வேலை போய்விடும், அது எல்லோருக்கும் தெரிந்தது. தெரியாமல் நடப்பது வேறு. கணினி ஒரு கோப்பை டிஸ்க்கில் எழுதும்போது அதை ஒரே வீச்சில் எழுதி முடிப்பதில்லை. கோப்பின் உள்ளடக்கம் ஓரிடத்தில், அது எங்கே இருக்கிறது என்ற குறிப்பு இன்னோர் இடத்தில், இன்னும் எழுதவேண்டிய பகுதி நினைவகத்தில் காத்திருப்பில் என்று பல கட்டமாக நடக்கும். பாதியில் மின்சாரம் அறுந்தால் குறிப்பும் உள்ளடக்கமும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் நிற்கும். விண்டோஸின் என்டிஎஃப்எஸ், லினக்ஸின் எக்ஸ்ட்4 போன்ற கோப்பு அமைப்புகள் (டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கிவைக்கும் முறைகள்) செய்யப்போகும் மாற்றத்தை முன்கூட்டியே ஒரு பதிவேட்டில் எழுதிவைத்துக்கொள்வதால், அடுத்த முறை திறக்கும்போது பெரும்பாலும் சரிசெய்துகொள்கின்றன. ஆனால் அவை காப்பாற்றுவது கோப்பு அமைப்பின் ஒழுங்கை. நீங்கள் எழுதிக்கொண்டிருந்த கணக்குப் புத்தகம் முழுசாக இருக்கும் என்பதற்கு அவை உத்தரவாதம் தருவதில்லை.

ஹார்ட் டிஸ்க்கைப் பற்றிய பயம் மட்டும் கொஞ்சம் பழையது. இன்றைய ஹார்ட் டிஸ்க்குகள், கரண்ட் போனதும் இன்னும் சுழன்றுகொண்டிருக்கும் தட்டின் வேகத்திலிருந்தே மின்சாரம் எடுத்து, படிக்கும் முனையைப் பத்திரமான இடத்தில் ஒதுக்கிவிடும். எஸ்எஸ்டியில் அசையும் பாகமே இல்லை. ஆனால் அங்கும் எழுதிக்கொண்டிருந்த தரவு போகலாம். உண்மையிலேயே மோசமான தருணம் என்றால் அது பயோஸ், அதாவது கணினியைத் தொடக்கிவைக்கும் மதர்போர்டு மென்பொருள், புதுப்பிக்கும் நேரம். அந்தச் சில நிமிடத்தில் கரண்ட் போனால், மதர்போர்டு அதன்பின் தொடங்காமலே போகக்கூடும். யுபிஎஸ் இல்லாத கணினியில் பயோஸைத் தொடவே கூடாது என்பது என் கட்சி.

இன்னொன்று, கரண்ட் போவதைவிடத் திரும்பி வருவதுதான் பல சமயம் தொல்லை. வந்து, உடனே போய், மறுபடி வரும். கணினி தொடங்கிக்கொண்டிருக்கும் அந்த அரை நிமிடத்துக்குள் இரண்டு முறை அறுபட்டால், அது ஒரு முறை அணைவதைவிடக் கெட்டது.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது

யுபிஎஸ் பெட்டியைத் தூக்கிப் பார்த்தாலே அதில் பாதிக்கு மேல் பேட்டரிதான் என்று கை சொல்லிவிடும். கூடவே பேட்டரியை நிரப்பும் சார்ஜர், பேட்டரியின் டிசியை மறுபடி ஏசியாக்கும் இன்வெர்ட்டர், சுவர் மின்சாரத்துக்கும் இன்வெர்ட்டருக்கும் நடுவே மாற்றிவிடும் ரிலே. கரண்ட் போகும்போது 'டக்' என்று கேட்பது அந்த ரிலேதான்.

கடையில் மூன்று வகைப் பெயர்கள் காதில் விழும். ஆஃப்லைன் வகை, கரண்ட் இருக்கும் வரை சுவர் மின்சாரத்தை அப்படியே கணினிக்கு அனுப்பும். போனால் மட்டும் பேட்டரிக்கு மாறும். லைன் இன்டராக்டிவ் வகையில் கூடுதலாக ஒரு டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். வோல்டேஜ் குறைந்தால் கொஞ்சம் ஏற்றியும், கூடினால் கொஞ்சம் இறக்கியும் கொடுக்கும். பேட்டரியைத் தொடாமலே லோ வோல்டேஜைச் சமாளிக்கும். கரண்ட் இருக்கும்போதே அவ்வப்போது 'டக் டக்' என்று சத்தம் வந்தால் அது பழுதில்லை, இந்த ஏற்ற இறக்கம்தான். மூன்றாவது ஆன்லைன். அது எந்நேரமும் ஏசியை டிசியாக்கி, மறுபடி ஏசியாக்கியே கொடுக்கும், ஆகவே மாறும் நேரம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனால் விசிறி இரைச்சல், சூடு, ஓயாத மின்செலவு மூன்றும் சேர்ந்து வரும். சர்வர் அறைக்கு அது சரி. வீட்டு மேசைக்குக் கீழே வைக்க லைன் இன்டராக்டிவ் போதும். வோல்டேஜ் அடிக்கடி ஆடும் இடமென்றால் அதைத்தான் வாங்கவும் வேண்டும்.

எத்தனை நேரம் நிற்கும்?

யுபிஎஸ் வாங்கிய பலர் ஏமாந்து நிற்கும் இடம் இது. வேலையைத் தொடர்ந்து செய்யலாம் என்று நினைத்து வாங்குகிறார்கள். வீட்டு யுபிஎஸ் தருவது, வேலையைச் சேமித்து, நிரல்களை மூடி, கணினியை முறைப்படி அணைப்பதற்கான நேரம். அதை மட்டும் எதிர்பார்த்தால் அது அருமையான கருவி.

கணக்கைப் பார்ப்போம். சிறிய யுபிஎஸ்களில் பெரும்பாலும் இருப்பது 12 வோல்ட், 7 ஆம்பியர் ஹவர் பேட்டரி ஒன்று. இரண்டையும் பெருக்கினால் 84 வாட் ஹவர். அப்படியானால் 100 வாட் இழுக்கும் கணினி 50 நிமிடம் ஓட வேண்டும் அல்லவா? ஓடாது. புது பேட்டரியில் இருபது நிமிடம் வந்தாலே நல்லது.

மீதி எங்கே போனது? கொஞ்சம் இன்வெர்ட்டரில் சூடாகப் போகிறது. பெரும்பகுதி, பேட்டரியின் இயல்பினால் போகிறது. 7 ஆம்பியர் ஹவர் என்று அதன்மேல் எழுதியிருப்பது, 20 மணி நேரத்துக்கு மெதுவாக எடுத்தால் கிடைக்கும் அளவு, அதாவது 0.35 ஆம்பியர் வீதம். நாமோ 10 ஆம்பியர், 20 ஆம்பியர் என்று ஒரேயடியாக உறிஞ்சுகிறோம். ஈய அமில பேட்டரியை அவசரப்படுத்தினால் அது தன்னிடம் இருப்பதில் பாதியைக்கூடக் கொடுக்காமல் கைவிரித்துவிடும். அதனால்தான் லோடு இரண்டு மடங்கானால் நேரம் பாதியாவதில்லை, அதைவிடக் குறைகிறது. அதே பேட்டரியில் 200 வாட் இழுத்தால் ஏழெட்டு நிமிடம் என்ற அளவில்தான் கிடைக்கும்.

இதைத் தலைகீழாகவும் பயன்படுத்திக்கொள்ளலாம். கரண்ட் போனதும் தேவையில்லாத இரண்டாவது மானிட்டரை அணைத்து, மற்றதன் வெளிச்சத்தைக் குறைத்தால், குறைத்த அளவுக்கு மேலாகவே நேரம் கூடும்.

விஏ, வாட்: எதைப் பார்த்து வாங்குவது

பெட்டியின்மேல் பெரிய எழுத்தில் 600 விஏ என்று போட்டிருப்பார்கள். பின்பக்கம் சிறிய எழுத்தில் 360 வாட் என்று இருக்கும். உங்களுக்கு வேண்டியது அந்தச் சிறிய எழுத்து. வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வருவது விஏ. கருவி உண்மையில் செலவழிக்கும் ஆற்றல் வாட். இரண்டுக்கும் உள்ள விகிதத்துக்கு பவர் ஃபேக்டர் என்று பெயர். மேலே சொன்ன யுபிஎஸ்ஸில் அது 0.6. இன்றைய கணினிகளின் எஸ்எம்பிஎஸ்ஸில் வாட்டும் விஏவும் ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதால், முதலில் இடிப்பது வாட் எல்லைதான். 600 என்ற எண்ணைப் பார்த்து 450 வாட் லோடை மாட்டினால் தாங்காது.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. கரண்ட் இருக்கும்போது அந்த 450 வாட் லோடு பல யுபிஎஸ்களில் எந்தச் சிக்கலும் இல்லாமல் ஓடும். மின்சாரம் ரிலே வழியாக நேரே போய்விடுகிறது, இன்வெர்ட்டருக்கு அதில் வேலை இல்லை. கரண்ட் போன கணத்தில்தான் முழுச் சுமையும் இன்வெர்ட்டர் தலையில் விழும். நீளமாக ஒரு 'பீ...ப்', அப்புறம் எல்லாம் இருட்டு. பேட்டரி நிறைந்திருக்கும், யுபிஎஸ் நல்லாத்தான் இருக்கும். ஓவர்லோடு என்று தன்னைத்தானே அணைத்துக்கொண்டது, அவ்வளவுதான்.

சரி, உங்கள் கணினி எத்தனை வாட் இழுக்கிறது? எஸ்எம்பிஎஸ்ஸின் மேல் 450 வாட், 650 வாட் என்று எழுதியிருப்பதை எடுத்துக்கொள்ளாதீர்கள். அது அதிகபட்சமாகக் கொடுக்க முடிந்த அளவு. எழுதுவது, படிப்பது, இணையம் பார்ப்பது போன்ற வேலைகளில் தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத கணினி 100 வாட்டுக்குள்ளேயே அடங்கிவிடும். எல்இடி மானிட்டர் 20 முதல் 35 வாட். ரவுட்டர் 10 வாட் அளவில். மொத்தம் 130 என்று வைத்தால், 360 வாட் யுபிஎஸ் போதுமானது. சில நிமிடங்கள் நிம்மதியாகக் கிடைக்கும். விளையாட்டுக்கோ வீடியோ எடிட்டிங்குக்கோ பெரிய கிராஃபிக்ஸ் கார்டு போட்ட கணினி என்றால் கதை வேறு. சும்மா இருக்கும்போது 80 வாட் இழுப்பது, விளையாட்டு ஓடும்போது 400, 500 வாட்டுக்குத் தாவும். கணக்கை அந்த உச்சத்துக்குத்தான் போட வேண்டும். பிளக்கில் மாட்டி அளக்கும் சிறிய வாட் மீட்டர் ஒன்று கையில் கிடைத்தால் ஊகமே வேண்டாம். அளந்த உச்சம், யுபிஎஸ்ஸின் வாட் அளவில் அறுபது, எழுபது சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது.

அலை வடிவம் என்று ஒரு விஷயமும் உண்டு. சுவரில் வரும் ஏசி வழவழவென்று ஏறி இறங்கும் சைன் அலை. விலை குறைந்த யுபிஎஸ்கள் பேட்டரியில் ஓடும்போது படிப்படியாக வெட்டிய, சதுரம் போன்ற அலையைத்தான் கொடுக்கும். பெரும்பாலான எஸ்எம்பிஎஸ்கள் அதைக் கண்டுகொள்வதில்லை. ஆக்டிவ் பிஎஃப்சி (பவர் ஃபேக்டரை ஒன்றுக்கு நெருக்கமாக வைத்திருக்கும் சுற்று) உள்ள சில எஸ்எம்பிஎஸ்கள் மட்டும் அந்தச் சதுர அலையோடு ஒத்துப்போகாமல், மாறும் கணத்திலேயே அணைந்துவிடுவது உண்டு. எது எதோடு சேரும் என்று பெட்டியைப் பார்த்துச் சொல்ல முடியாது; ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். விலையுயர்ந்த கணினி என்றால் சுத்தமான சைன் அலை தரும் யுபிஎஸ்ஸாகவே வாங்கிவிடுவது தலைவலியை மிச்சப்படுத்தும்.

மாட்டும்போது

புது யுபிஎஸ்ஸை முதலில் ஆறு முதல் எட்டு மணி நேரம் சார்ஜாக விடுங்கள். பின்பக்க சாக்கெட்டுகளைக் கவனித்துப் பாருங்கள். சில மாடல்களில் எல்லா சாக்கெட்டுக்கும் பேட்டரி வராது. சிலவற்றில் 'சர்ஜ் ஒன்லி' என்று எழுதியிருக்கும். அவை மின்னழுத்த எகிறலைத் தடுக்க மட்டும்தான். கணினியை அதில் மாட்டிவிட்டு யுபிஎஸ் வேலை செய்யவில்லை என்று திட்டுவது அடிக்கடி நடப்பதுதான்.

கணினிப் பெட்டி, ஒரு மானிட்டர், ரவுட்டர் மூன்றும் பேட்டரி சாக்கெட்டில் இருக்கட்டும். மானிட்டரை மறந்துவிட்டால் கணினி ஓடும், ஆனால் சேமிக்கும் பொத்தான் எங்கே என்று இருட்டில் தேட வேண்டியிருக்கும். லேசர் பிரிண்டரை மட்டும் எக்காரணம் கொண்டும் அதில் மாட்ட வேண்டாம். மையைத் தாளில் உருக்கி ஒட்டவைக்க அதற்குள் ஒரு ஹீட்டர் இருக்கிறது. அது சூடாகும் ஒவ்வொரு முறையும் பல நூறு வாட்டை, சிலவற்றில் ஆயிரத்துக்கும் மேல், ஒரே இழுப்பில் கேட்கும். ஹீட்டர், மோட்டார் உள்ள எதற்கும் இதே தடைதான். மடிக்கணினியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், அதற்குள்ளேயே பேட்டரி இருக்கிறது; அதன் பக்கத்து ரவுட்டருக்குத்தான் யுபிஎஸ் தேவைப்படும். ரவுட்டரை மட்டும் தனியாக மாட்டினால் சில யுபிஎஸ்கள், லோடே இல்லை என்று நினைத்துக்கொண்டு பேட்டரியை மிச்சம் பிடிப்பதற்காகக் கொஞ்ச நேரத்தில் அணைந்துவிடும் என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

யுபிஎஸ்ஸை நேரே சுவர் சாக்கெட்டில் மாட்டுங்கள், எர்த் சரியாக உள்ள சாக்கெட்டில். ஒரு யுபிஎஸ்ஸின் வாலில் இன்னொரு யுபிஎஸ் வேண்டாம்.

அப்புறம், பெட்டியோடு வந்த யுஎஸ்பி கேபிள். பாதிப் பேர் அதைப் பிரிக்காமலே அலமாரியில் போட்டுவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் யுபிஎஸ்ஸின் பாதிப் பயன் அந்தக் கேபிளில்தான் இருக்கிறது. நீங்கள் மேசையில் இல்லாதபோது கரண்ட் போனால் யார் கணினியை அணைப்பது? கேபிளை மாட்டினால் பல மாடல்களை விண்டோஸ் தானாகவே அடையாளம் கண்டு, மடிக்கணினியில் வருவது போலவே பேட்டரி சின்னத்தைக் காட்டும். பவர் அமைப்புகளில் போய், பேட்டரி ஒரு அளவுக்குக் கீழே இறங்கினால் ஹைபர்னேட் ஆகும்படி வைத்துவிடுங்கள். ஸ்லீப் போதாது, அதில் உங்கள் வேலை நினைவகத்திலேயே தங்கும், பேட்டரி முழுக்கத் தீர்ந்தால் அதுவும் போகும். ஹைபர்னேட் எல்லாவற்றையும் டிஸ்க்கில் எழுதிவிட்டு முழுசாக அணையும். அந்த அளவை ஐந்து சதவீதம் என்று வைக்காதீர்கள், முப்பது, நாற்பது என்று தாராளமாக வையுங்கள். பழைய பேட்டரி முப்பதிலிருந்து பூஜ்யத்துக்கு ஒரே தாவாகத் தாவும். மேக்கில் இதற்கான அமைப்பு உள்ளேயே இருக்கிறது. லினக்ஸில் நெட்வொர்க் யுபிஎஸ் டூல்ஸ் என்ற இலவச மென்பொருளைப் போட்டுக்கொள்ளலாம். யுஎஸ்பி துளையே இல்லாத யுபிஎஸ்களும் விற்கின்றன. கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாவது துளை உள்ளதை வாங்குங்கள்.

எல்லாம் மாட்டியபின் சோதனை. திறந்திருக்கும் கோப்புகளை மூடிவிட்டு, சுவர் சுவிட்ச்சை அணையுங்கள். பிளக்கைப் பிடுங்க வேண்டாம், எர்த் தொடர்பும் சேர்ந்து போய்விடும். சுவரில் சுவிட்ச் இல்லையென்றால் யுபிஎஸ்ஸிலேயே சோதனைப் பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள். ரிலே சத்தம் கேட்க வேண்டும், 'பீப்' வர வேண்டும், திரை ஒருமுறைகூட இமைக்கக் கூடாது. கணினி சும்மா இருக்கும்போது ஒரு முறை, அது வழக்கமாகச் செய்யும் கனமான வேலை ஓடும்போது ஒரு முறை பாருங்கள். எத்தனை நிமிடம் நிற்கிறது என்று குறித்துவைத்துக்கொண்டால் பின்னால் உதவும்.

பேட்டரி தேய்வது

யுபிஎஸ்ஸில் முதலில் சாவது பேட்டரிதான், அதுவும் சத்தமில்லாமல். 25 டிகிரி வெப்பத்தில் இருந்தால் மூன்று முதல் ஐந்து ஆண்டு வரும். அதற்கு மேல் ஒவ்வொரு 8, 10 டிகிரி கூடும்போதும் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும். ஆகவே வெயில் படும் ஜன்னலோரமும் காற்றோட்டமில்லாத அலமாரியும் அதற்கு ஆகாத இடங்கள். பயன்படுத்தாமல் எடுத்துவைத்தாலும் தேயும். தானாகவே சார்ஜ் இறங்கி, உள்ளே உள்ள ஈயத் தகடுகளில் சல்ஃபேட் படிந்து கெட்டிப்படும். எடுத்துவைப்பதானால் மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது சார்ஜ் ஏற்றுங்கள்.

பேட்டரி செத்த யுபிஎஸ்ஸும் கரண்ட் இருக்கும்வரை பச்சை விளக்கோடு கம்பீரமாகத்தான் நிற்கும். அப்போது அது ஒரு கனமான எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், வேறொன்றுமில்லை. சுவர் சுவிட்ச் சோதனையை மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை செய்யச் சொல்வது இதனால்தான். முதலில் குறித்த நிமிடத்தில் பாதிக்குக் கீழே வந்துவிட்டால் பேட்டரியை மாற்றும் நேரம். பெட்டி சூடாக இருந்தாலோ, பக்கவாட்டில் உப்பித் தெரிந்தாலோ, அழுகிய முட்டை நாற்றம் வந்தாலோ காத்திருக்க வேண்டாம், உடனே அணைத்துவிடுங்கள்.

மாற்றுவது பெரிய வித்தை இல்லை. பல மாடல்களில் அடியில் ஒரு மூடி, அதற்குள் பேட்டரி, சிவப்பும் கறுப்புமாக இரண்டு வயர். பழைய பேட்டரியில் எழுதியுள்ள வோல்ட், ஆம்பியர் ஹவர், நீள அகல உயரம், வயர் மாட்டும் முனையின் அகலம் நான்கையும் பார்த்து அதே அளவில் வாங்க வேண்டும். முனையில் 4.75 மில்லிமீட்டர், 6.35 மில்லிமீட்டர் என்று இரண்டு அகலம் உண்டு. இதைப் பார்க்காமல் வாங்கினால் வயர் மாட்டாது. பெரிய யுபிஎஸ்களில் இரண்டு பேட்டரிகள் தொடராக இணைந்து 24 வோல்ட்டாக இருக்கும். இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். புதியதும் பழையதும் ஒன்றாகப் போனால் பழையது புதியதையும் கெடுக்கும். லித்தியம் பேட்டரியோடு வரும் யுபிஎஸ்கள் இப்போது கிடைக்கின்றன, நீண்ட நாள் உழைக்கும். ஆனால் ஈய அமில பேட்டரிக்கென்று செய்த யுபிஎஸ்ஸில் நாமாக லித்தியத்தைச் சொருகக் கூடாது, சார்ஜர் அதற்கு ஏற்றதில்லை.

தொடங்குமுன் யுபிஎஸ்ஸை அணைத்து, சுவரிலிருந்து எடுத்து, அதில் மாட்டியுள்ள எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். சுவரிலிருந்து எடுத்த யுபிஎஸ்ஸும் அணைக்காமல் இருந்தால் அதன் சாக்கெட்டுகளில் ஷாக் அடிக்கும் அளவுக்கு வோல்டேஜ் இருக்கும். பேட்டரி உள்ளேதானே இருக்கிறது. மோதிரம், காப்பு கழற்றிவிட்டு, ஒரு நேரத்தில் ஒரு வயரை மட்டும் தொடுங்கள். கடைசி வயரை மாட்டும்போது சின்னதாக ஒரு பொறி தெறித்தால் பயப்பட வேண்டாம். பேட்டரி மூடியைத் தாண்டி, சர்க்யூட் போர்டு இருக்கும் பக்கம் மட்டும் திறக்க வேண்டாம். கழற்றிய பழைய பேட்டரிக்குள் ஈயமும் கந்தக அமிலமும் இருக்கின்றன. குப்பையில் போடாமல், புது பேட்டரி வாங்கும் இடத்திலேயே கொடுங்கள்; ஈயத்தில் ஏறக்குறைய முழுவதையும் உருக்கி மறுபடி பேட்டரியாக்க முடியும் என்பதால் பல கடைகளில் பழையதற்கு ஒரு தொகையைக் கழித்துக்கொள்வார்கள்.